பழைய 1541-ல் தடித்த தோல் தைத்தால் தையல் விடுகிறது: ஹூக்கைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். கோயம்புத்தூரில் தோல் பை தைக்கும் ஒரு தம்பி, மூடப்பட்ட ஒரு ஷூ கம்பெனியிலிருந்து பழைய ஜூகி டிஎன்யூ-1541எஸ் தையல் மெஷின் வாங்கியிருக்கிறார். ஒற்றைத் தோலில் தையல் சரியாக விழுகிறது. 2 மி.மீ. தோலை இரண்டாக வைத்தால் நாலைந்து தையலுக்கு ஒன்று விட்டுப்போகிறது. ஆரம்பிக்கிற இடத்தில் அடியில் நூல் கூடு கட்டுகிறது. ரிவர்ஸ் போட்டால் நூல் அறுகிறது. பெடலில் கால் பட்டாலே மெஷின் பறக்கிறது. போட்டிருப்பது 18-ஆம் நம்பர் ஊசி, டிக்கெட் 20 நைலான் நூல். பார்த்த மெக்கானிக் “டைமிங் போயிடுச்சு, ஹூக் மாத்தணும்” என்கிறார். மாற்றலாமா?

தம்பி, மாற்றாதீர்கள். இப்போதைக்கு உள்ளே ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒற்றைத் தோலில் சரியாகத் தைக்கிறது என்றால், ஹூக் (ஊசித் தட்டுக்கு அடியில் சுற்றி மேல் நூலைப் பிடிக்கிற பாகம்) ஊசியை நேரத்துக்குச் சந்திக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த நேரப் பொருத்தம்தான் டைமிங். டைமிங் முழுசாகப் போன மெஷின் துணியில்கூடத் தைக்காது. அதோடு உங்கள் மாடலின் பெயரில் கடைசியில் இருக்கும் ‘எஸ்’ சேஃப்டி கிளட்ச்சைக் குறிக்கிறது. நூல் ஹூக்கில் சிக்கிக்கொண்டால் அந்தக் கிளட்ச் விடுபட்டு ஹூக்கைக் காப்பாற்றும். அப்படி விடுபட்டால் ஹேண்ட் வீல் சுற்றும், ஹூக் மட்டும் சுற்றாது. மெஷின் மேடையில் இருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டு ஹேண்ட் வீலை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் பலமாகச் சுற்றினால் ‘டக்’ என்று மறுபடி பிடித்துக்கொள்ளும், டைமிங் மாறாது. இதைத் தெரியாமல் ஹூக்கைக் கழற்றிவிட்டுக் கெடுத்த மெஷின்களை ஆம்பூரில் நிறையவே பார்த்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே ஷூ அப்பர் தைக்கும் லைனில் மெக்கானிக்காக இருந்தவன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

தோலில் ஏன் தையல் விடுகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஊசி அடிமட்டம் வரை இறங்கி, பிறகு 2 முதல் 2.5 மி.மீ. மேலே ஏறும். அந்தச் சின்ன ஏற்றத்தில்தான் வேலையே நடக்கிறது. ஊசி ஏறுகிறது, ஆனால் நூலைத் தோல் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஊசிக் கண்ணுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு மேலே சீவிவிட்டதுபோல் பள்ளம் இருக்கிற பக்கமாக, நூல் லேசாகப் புடைத்து ஒரு வளையமாகிறது. ஹூக்கின் மூக்கு அந்த வளையத்துக்குள் நுழைந்து நூலை இழுத்துப் போகிறது. இப்போது தடித்த தோலை நினைத்துப் பாருங்கள். துளை இறுக்கமாக இருந்தால் ஊசி ஏறும்போது தோலும் கூடவே ஏறும். தோலும் ஊசியும் சேர்ந்தே ஏறினால் வளையம் பிறக்காது. ஹூக் வந்து காற்றைப் பிடித்துவிட்டுப் போகும். தைக்கும்போது குனிந்து பிரஷர் ஃபுட்டின் பக்கவாட்டில் பாருங்கள். ஊசி மேலே வரும்போது தோல் ஒரு மூச்சு விடுவதுபோல் எழும்பி உட்கார்ந்தால் உங்கள் வியாதி அதுதான்.

அதற்கு முதல் காரணம் ஊசி. டிக்கெட் நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும். டிக்கெட் 20 என்பது, நூல் தடிமனைச் சொல்லும் இன்னொரு அளவான டெக்ஸில் கிட்டத்தட்ட 135. அந்த நூலுக்கு 22-ஆம் நம்பர் ஊசி (140, அதாவது 1.4 மி.மீ. தடிமன்) வேண்டும். 18-ஆம் நம்பரில் (110) அது கண்ணுக்குள் நெருக்கியடித்துப் போகும். தோலில் ஊசி போடும் துளையும் சின்னதாக இருக்கும், நூல் துளைச் சுவரில் உரசும், பிசிறடிக்கும், அறுகும். மெல்லிய ஊசி 4 மி.மீ. தோலுக்குள் வளையவும் வளையும். வளைந்தால் ஹூக்கிலிருந்து விலகிப் போகலாம், ஹூக்கில் இடிக்கவும் செய்யலாம். ஊசிக்கும் நூலுக்கும் பொருத்தம் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு முழ நூலை வெட்டி, மெஷினில் மாட்டாத ஊசியில் கோர்த்து, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து ஒரு பக்கத்தை உயர்த்துங்கள். 45 டிகிரி சாய்வில் ஊசி தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் ஊசி சின்னது. சர்ரென்று விழுந்தால் பெரியது. டிக்கெட் 40 நூலுக்கு 16 அல்லது 18, டிக்கெட் 30-க்கு 18 அல்லது 19, டிக்கெட் 20-க்கு 22. இந்த மெஷினில் அதற்கு மேல் தடித்த நூல் போட ஆசைப்பட வேண்டாம்.

நம்பர் மட்டும் போதாது. பாக்கெட்டில் ஊசியின் சிஸ்டம் என்ன என்றும் பாருங்கள். உங்கள் மெஷினுக்கு 135×17, அதாவது DP×17. அதே நீளத்தில் தோலுக்கென்று வெட்டுமுனை வைத்து வருவது 135×16. சாதாரண டெய்லர் மெஷின் ஊசியான DB×1-ன் அடித்தண்டு மெலிசு என்பதால் மாட்டும்போதே லொடலொடக்கும், தெரிந்துவிடும். ஏமாற்றுவது DP×5. அதன் தண்டும் இதே 2 மி.மீ. தடிமன். அழகாக உள்ளே போய் உட்காரும். ஆனால் நீளம் நான்கைந்து மி.மீ. குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெஷின் ஒரு தையல்கூடப் போடவில்லை என்று அரை நாள் ஹூக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மணி அடித்த பிறகு எங்கள் பெரியவர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஊசியைக் கழற்றி, சரியான பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். யாரோ வேறு லைனில் இருந்து ஊசியை மாற்றிப் போட்டிருந்தார்கள். நான் அவிழ்த்த ஹூக்கை மறுபடி சரியாக வைக்க அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தாலும் இருக்கிற ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாக்கெட்டைப் பார்த்துப் புதிதாகப் போடாமல் வேறு எதையும் செய்வதில்லை.

முனையிலும் விஷயம் இருக்கிறது. வட்டமுனை ஊசி தோலை வெட்டாது, ஒதுக்கிக்கொண்டு போகும். கேன்வாஸ், ரெக்ஸின், பெல்ட் பட்டை ஆகியவற்றுக்கு அது நல்லது. தடித்த தோலுக்கு வெட்டுமுனைதான் சரி. ஊசி சுலபமாக இறங்கி ஏறும், தோல் கூடவே எழும்பாது. எல்ஆர் என்று போட்டிருக்கும் முனை சாய்வாக வெட்டும், தையலும் லேசாகச் சாய்ந்து அழகாக விழும். எஸ் முனை தையல் போகும் திசையிலேயே வெட்டும், தையல் நேராக இருக்கும். அதில் நெருக்கித் தைத்தால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தபால் தலை ஓரம்போல் தோல் கிழிந்துவரும். கைப்பைக்கு 3.5 மி.மீ. தையல் நீளம் வைத்து எல்ஆர் முனையோடு தொடங்குங்கள். மாட்டும்போது ஊசியை மேலே முட்டும் வரை தள்ளுங்கள். பள்ளம் ஹூக்கைப் பார்த்து இருக்க வேண்டும், நீளமான கோடு எதிர்ப்பக்கம். நூல் அந்தக் கோட்டுப் பக்கத்திலிருந்து உள்ளே போக வேண்டும்.

நூலும் தையல் மெஷினுக்கென்று வருகிற பாண்டட் நைலானா (இழை பிரியாமல் ஒட்டிய நூல்), இல்லை சந்தையில் யாரோ கொடுத்த மெழுகு நூலா என்று பாருங்கள். கையால் தைக்கிற நூல் மெஷினில் பிரிந்துவிடும். ஒரு துண்டு நூலை இரண்டு கையிலும் பிடித்து, வலது கை விரலால் உங்களை நோக்கி உருட்டுங்கள். முறுக்கு இறுகினால் மெஷினுக்குச் சரியான நூல், பிரிந்தால் வேண்டாம். வெயிலிலேயே கிடக்கும் பொருளுக்கு (வண்டி சீட், வெளியில் போடுகிற கவர்) நைலானைவிட பாலியஸ்டர் தாங்கும். பைக்கு நைலான் போதும்.

அடுத்தது அடியில் கூடு கட்டுவது. அடியில் சிக்குகிறது என்றால் எல்லோரும் பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் தப்பு மேல் நூலில்தான். மேல் நூலுக்குப் பிடிப்பு இல்லாதபோது அது அடியில் போய்க் குவியும். முதலில் ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூலை மறுபடி கோர்த்துப் பாருங்கள். ஃபுட் மேலே இருந்தால்தான் டென்ஷன் தட்டுகள் திறந்து நூல் நடுவில் உட்காரும். பழைய மெஷினில் அந்தத் தட்டுகளுக்கு நடுவில் வருஷக்கணக்கான பிசிறும் மெழுகும் அடைந்திருக்கும். ஒரு துணியைக் கயிறுபோல் முறுக்கி ஸ்பிரிட்டில் நனைத்து இழுத்துத் துடையுங்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. மெஷினை அதன் பழைய டேபிளிலிருந்து எடுத்து வேறு டேபிளில் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் முழங்கால் லிஃப்டரைப் பாருங்கள். ஃபுட் தூக்கினால் டென்ஷன் தளரும் என்று சொன்னேன் இல்லையா. லிஃப்டர் கம்பி கொஞ்சம் நீளமாக அமைந்துவிட்டால், நீங்கள் முட்டியால் தொடாதபோதே அது உள்ளே லேசாகத் தள்ளிக்கொண்டிருக்கும். ஃபுட் இறங்கிவிட்டதுபோலத் தெரியும். டென்ஷன் தட்டு மட்டும் மயிரிழை திறந்திருக்கும். டென்ஷன் நாபை எவ்வளவு முறுக்கினாலும் நூலில் பிடிப்பு வராது. ஒற்றைத் தோலில் சரியாக இருந்து, தோல் தடிமன் கூடி ஃபுட் மேலே ஏறும்போது மட்டும் தளர்கிறது என்றால் இந்தக் கம்பியைத்தான் முதலில் பார்ப்பேன். முட்டித்தட்டை ஆட்டிப் பாருங்கள். ஃபுட் அசையத் தொடங்கும் முன் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லையென்றால் கம்பியைக் குறைத்து வையுங்கள்.

தொடக்கத்தில் மட்டும் கூடு கட்டினால் விஷயம் இன்னும் எளிது. இரண்டு நூல் வாலையும் ஃபுட்டுக்கு அடியில் பின்பக்கமாக இழுத்து, முதல் மூன்று தையல் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி விறைப்பான நூலில் இதைச் செய்யாமல் முடியாது.

பாபின் பக்கம் ஒரு விஷயம். வீட்டு மெஷினில் செய்வதுபோலப் பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு டென்ஷன் பார்க்க இதில் வழியில்லை, கேஸ் உள்ளேயே இருக்கும். நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். விட்டு விட்டு வராமல் ஒரே சீராக, லேசான பிடிப்போடு வர வேண்டும். அதைச் சரிசெய்த பிறகு மேல் டென்ஷனை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். இந்த வகை ஹூக்கில் பாபின் கேஸை ஓபனர் என்கிற ஒரு சின்ன விரல் ஒவ்வொரு சுற்றிலும் லேசாகத் தள்ளி நூலுக்கு வழிவிடும். அது தேய்ந்தோ விலகியோ இருந்தால் ஹேண்ட் வீலைக் கையால் சுற்றும்போதே தெரியும். நூல் ஹூக்கைச் சுற்றி வந்து வெளியேறும் இடத்தில் தயங்கி நின்று, பிறகு ‘பட்’ என்று தெறித்து வரும். அந்தச் சத்தம் கேட்டால் ஓபனரைச் சரிசெய்ய வேண்டும், டென்ஷனை அல்ல.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம். பெடலைத் தொட்டால் பறக்கிறது என்றால் அது கிளட்ச் மோட்டார். எப்போதும் ‘ம்ம்ம்’ என்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், பெடலை மிதித்தால் கிளட்ச் பிடிக்கும். அதன் பெயர்ப் பலகையில் 2880 என்று இருக்கிறதா, 1440 என்று இருக்கிறதா பாருங்கள். மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, ஹேண்ட் வீல் பள்ளத்தின் விட்டத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை தையல் என்று வரும். 2880 மோட்டாரில் 75 மி.மீ. புல்லி, ஹேண்ட் வீல் 100 மி.மீ. என்றால் 2160. இந்த மெஷினின் உச்ச வேகமே 2500 தான். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க ஒரே தையல் போடும் கைக்கு அது சரி. பை தைக்கிற உங்களுக்கு மூலை திருப்பும்போது ஒவ்வொரு தையலாக விழ வேண்டும். 550 அல்லது 750 வாட் சர்வோ மோட்டார் (பெடலை மிதித்தால் மட்டும் ஓடும், வேகத்தைக் குறைத்து வைக்கலாம்) போடுங்கள், கூடவே 45 அல்லது 50 மி.மீ. புல்லி. புல்லி மாறினால் பெல்ட் நீளமும் மாறும், பழைய பெல்ட்டை எடுத்துப் போய்க் காட்டி வாங்குங்கள். மலிவு சர்வோ சிலது மிக மெதுவாக ஓடும்போது தடித்த தோலில் திணறி நிற்கும். அதற்கு மோட்டாரைத் திட்டிப் பயனில்லை, புல்லியைச் சின்னதாக்க வேண்டும், அல்லது நடுவில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ஒரு ரெட்யூசர் புல்லி போட வேண்டும். ஹேண்ட் வீலின் மேல்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். சர்வோவை மாட்டியதும் எதிர்ப்பக்கம் சுற்றினால் அதன் பெட்டியில் திசை மாற்றும் செட்டிங் இருக்கும். கம்பெனி மெஷின் வாங்குகிற மற்றவர்கள் ஒன்று கவனியுங்கள்: நிறைய மோட்டார்கள் மூன்று ஃபேஸ். வீட்டு லைனில் ஓடாது.

கிளட்ச் மோட்டார் இருக்கும் வரை ஒரு எச்சரிக்கை. சுவிட்சை அணைத்த பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டோமே என்று ஊசிக்கு நூல் கோர்க்கும்போது கால் தவறிப் பெடலில் பட்டால் ஊசி விரலில் இறங்கும். அணைத்த பிறகு பெடலை மிதித்து, அது நின்றதை உறுதி செய்துகொண்டு அப்புறம் கையை உள்ளே விடுங்கள்.

மூடிக் கிடந்த கம்பெனியிலிருந்து வந்த மெஷின் என்றால் எண்ணெய் பிசினாகியிருக்கும். ஹேண்ட் வீலைக் கையால் சுற்றும்போது ஒரே சீரான பிடிப்பு இருந்தால் பிசின், ஓரிடத்தில் மட்டும் முட்டினால் ஏதோ இடிக்கிறது. பிசினுக்கு எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கையால் மெதுவாகச் சுற்றி, அழுக்கு கலந்து வருவதைத் துடைத்து, பிறகு தையல் மெஷினுக்கான வெள்ளை எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய், வண்டி எண்ணெய், துரு எடுக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். ஹூக் ஓடும் பாதைக்குத் தினமும் ஒரு சொட்டு. அப்புறம் ஒரு மணி நேரமாவது கழிவுத் தோலில் ஓட்டுங்கள். முதலில் வரும் எண்ணெய் உங்கள் நல்ல தோலில் கறையாகிவிடக் கூடாது.

இதெல்லாம் முடிந்தும் 4 மி.மீ. தோலில் விட்டுப்போனால், ஃபுட் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். தோல் எழும்புவது நிற்கும் அளவுக்குத்தான். அதற்கு மேல் போனால் அடியில் தோலை நகர்த்தும் பல்லின் தடம் பதியும். பல் கூராக இருந்தால் மெல்லிய எமரி தாளால் முனையை மட்டும் மழுக்கலாம். ஒட்டுவதற்கு ரப்பர் பசை போடுகிறீர்களென்றால் நன்றாகக் காயவிட்டுத் தையுங்கள். ஈரப் பசை ஊசியில் படிந்தால் நூல் அதோடு ஒட்டிக்கொண்டு வளையம் விழாது. ஊசியில் கை வைத்துப் பிசுபிசுத்தால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஓரம் ஏறி இறங்கும் இடத்தில் மட்டும் தையல் விட்டால், ஃபுட்டின் பின்புறம் அதே தடிமனில் ஒரு துண்டுத் தோலைக் கொடுத்து ஃபுட்டை மட்டமாக நிற்க வையுங்கள்.

கடைசியாகத்தான் டைமிங். 22-ஆம் நம்பர் ஊசி போட்டதும் இதை எப்படியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊசி தடித்தால் ஹூக்குக்கும் அதற்கும் இருக்கும் இடைவெளி குறையும். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, ஹூக்கை மூடும் தகட்டை நகர்த்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். தையல் நீளம் நீங்கள் வழக்கமாக வைக்கும் 3.5-ல் இருக்கட்டும். ஊசி அடிமட்டத்திலிருந்து 2 முதல் 2.5 மி.மீ. ஏறும்போது ஹூக் மூக்கு ஊசியின் நடுக்கோட்டில், கண்ணின் மேல் விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. மேலே நிற்க வேண்டும். இடைவெளி ஒரு தாள் தடிமனுக்கு மிஞ்சக் கூடாது, உரசவும் கூடாது. இது சரியாக இருந்தால் ஹூக்கை விட்டுவிடுங்கள். மூக்கைப் பஞ்சால் வருடிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் பிசிறு இருக்கிறது, 1000-க்கு மேற்பட்ட எமரியில் தொட்டுத் தொட்டு மழமழப்பாக்குங்கள். அரம் போடாதீர்கள். ஊசித் தட்டின் துளையையும் இதே பஞ்சால் பாருங்கள்.

ரிவர்ஸில் அறுகிறது என்றீர்கள். இந்த மெஷினில் பல்லோடும் ஃபுட்டோடும் சேர்ந்து ஊசியும் முன்னும் பின்னும் நடக்கிறது. முன்னால் போகும்போது ஹூக் ஊசியைச் சந்திக்கும் இடமும் ரிவர்ஸில் சந்திக்கும் இடமும் ஒன்றல்ல. அதனால் டைமிங்கில் மயிரிழை தப்பு இருந்தாலும் அது முதலில் ரிவர்ஸில்தான் தெரியும். உங்களுக்கு 18-ஆம் நம்பர் ஊசியில் நூல் ஏற்கெனவே நெருக்கியடிக்கிறது, அறுவதற்கு அதுவே போதும். ஊசி மாற்றிய பிறகும் ரிவர்ஸில் மட்டும் தையல் விட்டால், அப்போது ஹூக்கை மயிரிழை திருப்பச் சொல்லுங்கள். மெக்கானிக் அதைச் செய்யும்போது முன்னும் பின்னும் இரண்டிலும் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை பை ஓரங்களில் ரிவர்ஸ் இல்லாமலேயே முடிக்கலாம். நூலை நாலு விரல் நீளம் விட்டு வெட்டி, மேல் நூலை உட்பக்கம் இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, மிச்சத்தை வெட்டி, லைட்டரால் நுனியை உருக்கி அமுக்கிவிடுங்கள்.

நாளைக்கே 135×16, 22-ஆம் நம்பர், எல்ஆர் முனை ஒரு பாக்கெட் வாங்குங்கள். அதே 4 மி.மீ. கழிவுத் தோலில் ஒரு சாண் நீளம் தையுங்கள். தைத்ததைப் பிளேடால் தையல் கோட்டை ஒட்டியே நீளவாக்கில் வெட்டிப் பிரித்துப் பாருங்கள், மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சு இரண்டு தோலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேலே வந்திருந்தால் மேல் டென்ஷன் அதிகம், கால் சுற்று தளர்த்துங்கள். அடியில் இருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். வெட்டிய துண்டின் மேல், கீழ், வெட்டுமுகம் மூன்றையும் படம் எடுத்து, ஊசிப் பாக்கெட்டின் படத்தோடு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு ஹூக்கைத் தொட வேண்டுமா என்று சொல்கிறேன்.